மழையை உள்ளே விடும் தரை

ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். மொத்தம் 12.5 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். பெருக்கிப் பார்த்தால், அந்த ஒற்றைக் கார் நிற்கும் இடத்தில் மட்டும் ஆண்டுக்கு 17,500 லிட்டர் தண்ணீர் விழுகிறது. கோடையில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் சொல்லிவைத்து, காத்திருந்து, காசு கொடுத்து இறக்கும் 12,000 லிட்டர் லாரித் தண்ணீரில் இது ஏறத்தாழ ஒன்றரை லாரி. திறந்தவெளியில் 40 கார்கள் நிற்கும் வளாகம் என்றால் 58 லாரி.

அவ்வளவும் எங்கே போகிறது? பெரும்பாலான வளாகங்களில் தரை முழுக்க சிமென்ட் போட்டு, கேட்டை நோக்கி வாட்டம் கொடுத்திருப்பார்கள். மழை விட்ட பத்து நிமிடத்தில் தரை காய்ந்துவிட வேண்டும் என்பதுதான் வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் போடும் முதல் நிபந்தனை. மேஸ்திரியும் அதைக் குறைவில்லாமல் செய்து தந்துவிடுவார். தண்ணீர் கேட்டுக்கு அடியில் புகுந்து தெருவுக்குப் போகும். தெருவிலிருந்து மழைநீர் வடிகால், அங்கிருந்து கூவமோ அடையாறோ பக்கிங்காம் கால்வாயோ, கடைசியில் கடல். ஒரு தெருவில் உள்ள அத்தனை வீடுகளும் ஒரே அரைமணி நேரத்தில் இப்படித் தண்ணீரை வெளியே தள்ளும்போது வடிகால் திணறுகிறது. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. அப்போது எல்லோரும் மாநகராட்சியைத் திட்டுகிறோம்.

தமிழ்நாட்டில் 2003இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட நடவடிக்கை அது. மொட்டைமாடித் தண்ணீரைக் குழாய் வழியே இறக்கி கிணற்றிலோ உறைகிணற்றிலோ விடுவது அதன் பிறகு பழக்கத்துக்கு வந்தது. ஆனால் கவனம் முழுவதும் மாடி மேலேயே இருந்துவிட்டது. அதே வீடுகளில் முன்பு மண்ணாக இருந்த முன்வாசலும் பக்கச் சந்தும் பின்கட்டும் கடந்த இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சிமென்டுக்கும் டைல்ஸுக்கும் போய்ச் சேர்ந்தன. மேலே விழுவதைப் பூமிக்குள் அனுப்பக் குழாய் போட்டோம். தானாக இறங்கிக்கொண்டிருந்ததை நாமே அடைத்தோம்.

இதற்குக் கட்டிடத் துறையில் ஒரு மாற்று இருக்கிறது. நடக்கலாம், வண்டி நிறுத்தலாம், சேறாகாது; ஆனால் மழை உள்ளே இறங்கும். நீர் புகும் தளம் என்று சொல்லலாம். பசுமைக் கட்டிடங்களில் இது கிட்டத்தட்ட வாடிக்கையாகிவிட்டது. நம் நாட்டில் அதற்கு நல்ல முன்னுதாரணம் ஹைதராபாத்தில் இருக்கிறது.

ஹைடெக் சிட்டிக்குப் பக்கத்தில் கொத்தகுடாவில் உள்ளது சி.ஐ.ஐ. - சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம். 2004 ஜூலை 14 அன்று குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் திறந்துவைத்த கட்டிடம். பசுமைக் கட்டிடங்களுக்கான லீட் தரச்சான்றில் உச்சநிலையான பிளாட்டினம், அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் கிடைத்தது இதற்குத்தான். வடோதராவைச் சேர்ந்த கட்டிடக் கலைஞர் கரண் குரோவர் வடிவமைத்தார். வட்டமான நடுமுற்றம், காற்றைக் குளிர்வித்து உள்ளே அனுப்பும் இரண்டு கோபுரங்கள், புல் வளர்ந்த கூரை என்று அங்கே போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. தரையை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்தத் தரைதான் நமக்கு இங்கே முக்கியம். வாகன நிறுத்தத்திலும் நடைபாதையிலும் நடுவே திறந்த கட்டங்கள் கொண்ட கற்களைப் பதித்திருக்கிறார்கள். பெய்கிற மழையில் ஒரு பகுதி அந்தக் கட்டங்கள் வழியே மண்ணுக்குள் இறங்குகிறது. மிச்சம், கட்டிடம் வருவதற்கு முன்பு அந்த நிலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அதே பக்கம் ஓடி, வளாகத்தின் தாழ்வான மூலையில் உள்ள குளத்தில் சேர்கிறது. நிலத்தின் பழைய வாட்டத்தை மாற்றாமல் கட்டியது சாதாரண விஷயமாகத் தோன்றலாம். ஜே.சி.பி.யை இறக்கி முதலில் மனையைச் சமப்படுத்திவிட்டுத்தான் வரைபடத்தையே விரிக்கிற ஊரில் அது சாதாரணமில்லை.

லீட் மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண்ணும் உண்டு. வாகன நிறுத்தப் பரப்பில் பாதியாவது இப்படித் திறந்த கட்டத் தளமாக இருந்தால், சுற்றுப்புற வெப்பத்தைக் குறைத்ததற்கு ஒரு மதிப்பெண் பெறும் வழி அன்றைய விதிகளில் இருந்தது. வளாகத்தை விட்டு வெளியேறும் மழைநீரைக் குறைத்தால் அதற்குத் தனி மதிப்பெண். இந்த ஏற்பாட்டால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. நல்லது, கட்டுநர்கள் தரையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார்கள். கெட்டது, சிலர் தரையின் மேல்தோலை மட்டும் யோசித்தார்கள்.

மேல்தோலில் பல வகை உண்டு. முதலாவது, ஹைதராபாத்தில் பார்த்த கட்டக் கல். நடுவில் மண் நிரப்பிப் புல் வளர்க்கலாம். பொடி ஜல்லியும் நிரப்பலாம். எப்போதாவது வண்டி வந்து நிற்கும் இடத்துக்கு, விருந்தினர் பார்க்கிங்குக்கு, தீயணைப்பு வண்டி போகும் வழிக்கு இது அருமையானது. நாள் முழுக்கக் கார் நின்றால் அடியில் புல் வெயில் காணாமல் செத்துவிடும். செருப்பின் குதிகாலும் கைத்தடியும் சக்கர நாற்காலியும் கட்டத்தில் மாட்டும் என்பதால் பெரியவர்கள் நடக்கும் பாதையில் இதைத் தவிர்ப்பது நல்லது.

இரண்டாவது, நமக்கெல்லாம் பழக்கமான பேவர் பிளாக்கின் ஒன்றுவிட்ட தம்பி. கல் கெட்டியான கான்கிரீட்தான். அதன் வழியாகத் தண்ணீர் போகாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரற்கடை அளவுக்கு இடைவெளி விட வசதியாக அதன் ஓரங்களில் புடைப்புகள் இருக்கும். அந்த இடைவெளியில் தூசி நீக்கிய பொடிச் சிப்ஸை நிரப்புவார்கள். மொத்தப் பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குத் திறப்பு இருந்தாலே பெரும்பாலான மழைக்குப் போதும்.

மூன்றாவது, கான்கிரீட்டே துளைத் துளையாக இருப்பது. வழக்கமான கான்கிரீட்டில் ஜல்லிகளுக்கு நடுவே உள்ள இடத்தை மணல் அடைக்கிறது. இதில் மணலை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிடுவார்கள். ஒரே அளவுள்ள சின்ன ஜல்லி, அதை ஒட்டவைக்கும் அளவுக்கு மட்டும் சிமென்ட், கொஞ்சம் தண்ணீர். ஆறினதும் பார்த்தால் வேர்க்கடலை மிட்டாயைப் போல இருக்கும். மொத்தக் கனஅளவில் 15 முதல் 25 சதவீதம் வெறும் காற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுப் பஞ்சத்தில் தவித்த பிரிட்டனில் விம்பி நிறுவனம் இதே மணலில்லாக் கான்கிரீட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்களை வார்த்தது. சுவருக்கு வந்த பொருள் பிறகு தரைக்கும் இறங்கியது. இந்த வகைத் தளம் எவ்வளவு வேகமாகக் குடிக்கும் என்பதை 2015இல் டார்மாக் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் ஒரு வீடியோவில் காட்டியது. கலவை லாரியிலிருந்து ஒரே நிமிடத்தில் 4,000 லிட்டர் தண்ணீரைக் கார் பார்க்கிங்கில் கொட்டினார்கள். குட்டை கட்டக்கூட நேரமில்லாமல் அது மறைந்ததை உலகமே பார்த்து வியந்தது.

இதை வார்க்கும் இடத்தில் போய் நின்றால், நம் கொத்து வேலையின் பழக்கங்கள் அத்தனையும் இங்கே தலைகீழாவதைப் பார்க்கலாம். கலவையைக் கையில் ஒரு பிடி எடுத்து உருட்டுகிறார்கள். உருண்டை உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. விரலிடுக்கில் சிமென்ட் பால் வழிந்தால் தண்ணீர் அதிகம். அந்தப் பால் கீழே இறங்கித் துளைகளை அடைத்துவிடும். உருண்டை உருண்டையாகவே நின்று, ஒவ்வொரு ஜல்லியும் ஈரமாக மின்னினால் பதம் சரி. கொட்டிய உடனே மட்டப்பலகை வைத்து நிரவி, கனமான உருளையை உருட்டி, சற்றும் தாமதிக்காமல் பாலிதீன் தாளால் மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் சட்டென்று காய்ந்து ஜல்லி பெயர்ந்துவிடும். தாளை எடுக்க ஒரு வாரம் ஆகும். நடுவில், முப்பது வருட அனுபவமுள்ள கொத்தனார் யாராவது பழக்கதோஷத்தில் கரணையை எடுத்து வழுவழுவென்று தேய்த்துவிட்டால் போச்சு. பார்க்க அழகாக இருக்கும், ஒரு சொட்டு இறங்காது.

துளைவிட்ட தார்த்தளமும் உண்டு. அமெரிக்காவில் 1970களில் சோதிக்கத் தொடங்கினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் குளத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்காக 1977இல் இப்படி ஒரு வாகன நிறுத்தம் அமைத்தார்கள். பனி உறைந்து உருகும் ஊர். முப்பது ஆண்டுகள் கழித்தும் அது தண்ணீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் எந்தக் கல், எந்த வடிவம், என்ன நிறம் என்று விளம்பரத் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பதில் பாதி நேரம் வீண். இந்தத் தளத்தின் உயிர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மேலே இருக்கும் கல் தண்ணீருக்கு வழிவிடுகிறது, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்வது அடியில் இருக்கும் ஜல்லி.

முறையாகப் போட்ட தளத்தை வெட்டிப் பார்த்தால் இப்படி இருக்கும்: மேலே 8 செ.மீ. கனமுள்ள கல். அதன் கீழே 5 செ.மீ. பொடிச் சிப்ஸ். அதற்கும் கீழே 10 செ.மீ. முக்கால் ஜல்லி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றரை ஜல்லியோ அதைவிடப் பெரியதோ 20, 30 செ.மீ. ஆழத்துக்கு. எதிலும் மணல் கிடையாது, தூசி கிடையாது; ஜல்லியைக் கழுவித்தான் கொட்ட வேண்டும். அப்படிக் கொட்டிய ஜல்லியில் பத்தில் நான்கு பங்கு வெற்றிடம். 30 செ.மீ. ஆழ ஜல்லி என்றால் அதில் 12 செ.மீ. தண்ணீர் நிற்கும். நாம் முதலில் பார்த்த 12.5 சதுர மீட்டரில் அது 1,500 லிட்டர். அடியில் உள்ள மண் ஒரு சொட்டுகூடக் குடிக்காவிட்டாலும், 12 செ.மீ. மழையைத் தெருவுக்கு அனுப்பாமல் அந்த இடம் தாங்கிக்கொள்ளும்.

இப்போது நம் ஊரில் வழக்கமாகப் பேவர் பிளாக் போடும் முறையைப் பாருங்கள். மண்ணைத் திம்ஸு கட்டையாலோ ரோலராலோ இறுக்கி, அதன்மேல் எம்-சாண்டோ கிரஷர் டஸ்டோ பரப்பி, கற்களை நெருக்கி அடுக்குகிறார்கள். இடுக்குகளில் மறுபடியும் டஸ்டைக் கூட்டித் தள்ளி, வைப்ரேட்டர் ஓட்டி இறுக்குகிறார்கள். கல் ஆடக் கூடாது என்று அடியில் கான்கிரீட் படுகை போடுகிறவர்களும் உண்டு. ஓரங்களைச் சிமென்டால் பூசிவிடுகிறார்கள். இரண்டு மழைக்குள் அந்த டஸ்ட் களிபோல இறுகிவிடும். ‘டைல்ஸ் போடாமல் பேவர் பிளாக் போட்டிருக்கிறோம், தண்ணீர் இறங்கிவிடும்’ என்று நம்பிக்கொண்டிருக்கும் குடியிருப்போர் சங்கங்கள் ஏராளம். சிமென்ட் தரையை விட ஏதோ கொஞ்சம் இறங்கும். அதற்கு மேல் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. நகரமெங்கும் நடைபாதைகளில் கோடிக்கணக்கில் செலவிட்டுப் பதித்த கற்களுக்கும் இதே கதைதான். அடியில் சிப்ஸும் ஜல்லியும் போட்டிருந்தால் அவை வேறு வேலை செய்திருக்கும்.

மண்ணும் ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் தெருவுக்குத் தெருவே மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். ஊற்ற ஊற்ற இறங்கும். மேற்கே பல பகுதிகளில் களிமண். தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. ஆகவே தளம் போடுவதற்கு முன் ஓர் எளிய சோதனை செய்வது நல்லது. இரண்டடி ஆழக் குழி தோண்டி, தண்ணீர் நிரப்பி ஒருமுறை ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்தால் போதும். களிமண் என்றால் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. ஜல்லிப் படுகையின் அடியில் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதித்து, நிரம்பும் தண்ணீரை வளாகத்தின் உறைகிணற்றுக்குக் கொண்டுபோகலாம். அப்போது ஜல்லிப் படுகை வடிகட்டியாகவும் வேலை செய்யும்.

காரிலிருந்து ஒழுகும் ஆயில் நிலத்தடி நீரில் கலக்காதா என்று எல்லோருக்கும் கேட்கத் தோன்றும். நியாயமான பயம்தான். இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். சொட்டுச் சொட்டாக விழும் எண்ணெய் ஜல்லிகளிலும் அவற்றின் நடுவே விரிக்கும் துணி போன்ற வடிதாளிலும் ஒட்டிக்கொள்கிறது; அங்கே பெருகும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடுகின்றன. சாதாரணக் கசிவுக்கு இது பொருந்தும். பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், ரசாயனக் கிடங்கு ஆகிய இடங்களில் இந்தத் தளம் கூடவே கூடாது. கனரக லாரிகள் வளைந்து திரும்பும் இடத்திலும் நிற்காது. செங்குத்தான சரிவிலும் பயனில்லை. தண்ணீர் இறங்குவதற்குள் ஓடிவிடும்.

இன்னொரு இடமும் உண்டு. இப்போது வரும் பெரிய அடுக்குமாடிகளில் மனை முழுவதையும் தோண்டித் தரைக்கு அடியில் இரண்டு தளம் கார் பார்க்கிங் கட்டிவிடுகிறார்கள். அதன் மேற்கூரையில் மண் கொட்டிப் புல் வளர்த்து, நீர் புகும் கல் பதித்து, பசுமை வளாகம் என்று படம் போடுகிறார்கள். அங்கே கல்லுக்கு அடியில் இருப்பது கான்கிரீட் கூரை; பூமி இல்லை. தண்ணீர் குழாய்க்குத்தான் போகும். வீடு வாங்கப் போகிறவர்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் இதைத் தைரியமாகக் கேட்கலாம்.

வெள்ளத்தைத் தடுக்குமா? இங்கே உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. 12 செ.மீ. தாங்கும் ஜல்லிப் படுகை அந்த மழையில் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதுவும் அதற்கு முந்தைய வாரங்களிலேயே மண் ஊறிப்போயிருந்த நிலையில். சீனா 2015இல் ‘பஞ்சு நகரம்’ என்ற பெயரில் 16 நகரங்களில் பெரும் பொருட்செலவில் நீர் புகும் தளங்களும் குளங்களும் பூங்காக்களும் அமைக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு இன்னும் சில நகரங்களைச் சேர்த்துக்கொண்டது. அதே வகைப் பணிகள் நடந்த செங்சோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை பெய்தது. சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து பயணிகள் இறந்தார்கள். இயற்கை அந்த அளவுக்குச் சீறும்போது எந்தத் தரையும் போதாது.

ஆனால் ஆண்டு முழுவதும் 49 செ.மீ. மழையா பெய்கிறது? 3 செ.மீ., 5 செ.மீ. பெய்தாலே தெருவில் தண்ணீர் நிற்கிறதே, அதைக் குறைக்க இது உதவும். அதைவிடப் பெரிய பயன் கோடையில் தெரியும். 2015இல் மூழ்கிய அதே சென்னைக்கு 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். மாலை மரியாதையோடு வரவேற்றார்கள். 143 கார்கள் நிற்கும் இடத்தில் ஓராண்டில் விழும் மழையும் அதே 25 லட்சம் லிட்டர்தான். நகரத்தில் அதைவிடப் பெரிய திறந்தவெளிப் பார்க்கிங்குகள் உண்டு. விழுவதெல்லாம் கிணற்றுக்குப் போய்ச் சேராது. ஆவியாகும், மரம் குடிக்கும், மண்ணில் தங்கும். பாதி சேர்ந்தாலும் லாபம்.

மரம் என்றதும் நினைவுக்கு வருவது 2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயல். சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்றின் வேகம் முதல் காரணம். ஆனால் அடிமரம் வரை சிமென்ட் பூசி, வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகவிடாமல் வளர்த்த தெருமரங்கள் புயலுக்கு முன்பே பலவீனமாகத்தான் நின்றன. டெல்லியில் 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் போட்ட கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்க உத்தரவிட்டது. நடைபாதையில் நீர் புகும் கல் பதித்தால் இப்படிப் பெயர்த்தெடுக்கும் வேலையே வராது.

வெளிநாடுகளில் இதைச் சட்டத்தோடும் பணத்தோடும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 2007 கோடை வெள்ளத்தில் பாடம் கற்ற இங்கிலாந்து, 2008 அக்டோபர் 1 முதல் ஒரு விதி கொண்டுவந்தது. வீட்டு முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் தண்ணீர் புகாத தளம் போட்டு அதைத் தெருவுக்கு வடியவிடுவதானால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். நீர் புகும் தளம் என்றால் அனுமதி தேவையில்லை. ஜெர்மனியின் பல நகரங்களில் மனையில் எவ்வளவு பரப்பை மூடியிருக்கிறீர்களோ அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம் உண்டு. நீர் புகும் தளத்துக்கு அதில் சலுகை. சிகாகோ நகரில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்துகளின் மொத்த நீளம் சுமார் 3,000 கிலோமீட்டர். பெரும்பாலானவற்றுக்கு வடிகால் இணைப்பே கிடையாது. அத்தனைக்கும் புதிதாகக் குழாய் பதிப்பதற்குப் பதில் 2006 முதல் படிப்படியாகச் சந்துகளின் தரையையே நீர் புகும் தளமாக மாற்றி வருகிறார்கள். சென்னை மாநகராட்சியும் மழைநீரை வாங்கும் பஞ்சுப் பூங்காக்களை அமைத்திருக்கிறது. சொத்து வரியில் சின்னச் சலுகை ஒன்றை அறிவித்தால் வீட்டு வாசல்களும் அந்தக் கணக்கில் சேரும். மொட்டைமாடித் தண்ணீருக்குச் சட்டம் போட்ட மாநிலத்துக்கு இது பெரிய விஷயமில்லை.

செலவு கூடும். கல்லின் விலையில் பெரிய வித்தியாசம் இராது. தோண்டுவதற்கும் ஜல்லிக்கும்தான் பணம் போகும். பெரிய வளாகங்களில் வடிகாலும் தொட்டியும் சிறிதாவதால் அதில் ஒரு பகுதி திரும்பிவிடும். தனிவீட்டுக்காரருக்கு அந்த லாபம் கிடைக்காது. எல்லா இடத்தையும் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. கார் ஏறும் இரண்டு சக்கரத் தடங்களை மட்டும் கான்கிரீட்டில் விட்டு, நடுவிலும் ஓரத்திலும் ஜல்லியோ புல்லோ விடுவது மிக மலிவான வழி. வாசலில் கோலம் போட ஒரு வழவழப்பான கருங்கல் பலகை வேண்டுமென்று வீட்டில் கேட்டால், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அதனால் நிலத்தடி நீர் குறைந்துவிடாது.

இனி, இந்தத் தளத்தைக் கெடுப்பது எது என்று பார்த்தால், முதல் எதிரி வண்டி அல்ல, தூசி. வளாகத்தில் யாரோ ஒருவர் வீட்டை மராமத்துச் செய்கிறார். எம்-சாண்ட் லோடு வந்து இறங்குகிறது. பார்க்கிங் காலியாக இருக்கிறதே என்று அங்கேயே கொட்டுகிறார்கள். அங்கேயே சிமென்ட் கலக்கிறார்கள். ஒரே நாளில் அந்த இடம் நிரந்தரமாக அடைபட்டுவிடும். அடுத்த எதிரி, ஓரத்துத் தோட்ட மண் மழையில் கரைந்து மேலே வந்து படிவது. தோட்டத்தைத் தளத்தைவிடத் தாழ்வாக அமைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடைப்பு பெரும்பாலும் மேலே இரண்டு மூன்று செ.மீ. ஆழத்தோடு நின்றுவிடுகிறது. எனவே சரிசெய்வதும் எளிது. இடுக்கில் உள்ள பழைய சிப்ஸைக் கிளறி எடுத்து, புதிதாக நிரப்பினால் போதும். துளைக் கான்கிரீட் என்றால் வேக்குவம் இயந்திரத்தால் உறிஞ்ச வேண்டும். ஓரளவு அடைபட்டாலும் பதற வேண்டியதில்லை. நல்ல துளைக் கான்கிரீட் தளம் புதிதில் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 200 லிட்டர் அளவுக்குக் குடிக்கும். மழைக் கணக்கில் மணிக்கு 12,000 மி.மீ. அதில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டாலும் மணிக்கு 1,200 மி.மீ. மிஞ்சும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் மழை எங்கேயும் பெய்ததில்லை.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். தளம் போட்டிருப்பவர்கள் செப்டம்பருக்குள் ஒருமுறை இலைதழையைக் கூட்டி, ஒரு வாளித் தண்ணீரை நடுவில் ஊற்றிப் பாருங்கள். தேங்கி நின்றால் சிப்ஸை மாற்றுங்கள். புதிதாகப் போடப் போகிறவர்கள் கான்ட்ராக்டரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை இரண்டு: கல்லுக்கு அடியில் எத்தனை அங்குலம் ஜல்லி, எந்த அடுக்கிலும் டஸ்ட் கலக்கமாட்டோம் என்ற உறுதி. ஜல்லி கொட்டும் நாளில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.